பேய்க்கண் பிறந்த கதை

1658ஆம் ஆண்டுக் குளிர்காலம். ஜப்பானில் கியோட்டோவை ஒட்டிய ஃபுஷிமி என்ற ஊரில் மினோ தரோசாயெமோன் என்பவர் சத்திரம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் சிற்றரசர்கள் ஆண்டு விட்டு ஆண்டு ராணுவ ஆட்சித் தலைவரான ஷோகுனின் தலைநகரான எடோவுக்குப் போய்த் தங்கியாக வேண்டும் என்பது சட்டம். அரசர் கிளம்பினால் பரிவாரமும் கிளம்பும். வழியில் இருக்கும் சத்திரக்காரர்களுக்கு வேட்டை. அப்படி ஒரு பயணத்தில் தெற்கே சத்சுமா நாட்டின் சிற்றரசர், பனி கொட்டும் ஓர் இரவில், தரோசாயெமோனின் வாசலில் வந்து இறங்கினார்.

பெரிய இடத்து விருந்தாளி. சாப்பாட்டில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது. மற்றப் பதார்த்தங்களோடு தொக்கோரோத்தென் என்ற பண்டத்தையும் சத்திரக்காரர் தயார் செய்தார். கடலில் விளையும் ஒருவகைச் சிவப்புப் பாசியை நெடுநேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிட்டால் உறைந்துபோகும் கூழ் அது. அதை நூல் நூலாகப் பிழிந்து சாப்பிடுவார்கள். சற்றே கடல் வாடை அடிக்கும். அன்று அளவு தெரியாமல் நிறையக் காய்ச்சிவிட்டார்களோ என்னவோ, விருந்து முடிந்தும் பாத்திரத்தில் மிச்சம் கிடந்தது. மறுநாளைக்கு வைத்துக்கொள்ளும் பொருளும் அல்ல. தூக்கிக் கொல்லைப்புறத்தில் கொட்டினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் கொல்லையில் வேறொரு வேலை நடந்தது. இரவில் அந்தக் கூழ் கல்லாக உறைந்தது. பகல் வெயிலில் இளகி, உள்ளே இருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கக்கியது. மறுபடி இரவு, மறுபடி உறைவு. சில நாட்கள் கழித்து அந்தப் பக்கம் போன தரோசாயெமோன் கண்ணில் பட்டது கூழ் அல்ல. வெள்ளைவெளேரென்று, உள்ளெல்லாம் துளைவிட்டு, ஊதினால் பறக்கும் கனத்தில் ஒரு சருகு. குப்பை என்று விளக்குமாற்றால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதைப் பொறுக்கிக்கொண்டுபோய், தண்ணீரில் போட்டு, அடுப்பில் ஏற்றினார்.

சருகு கரைந்தது. ஆறியதும் மறுபடி உறைந்தது. இந்த முறை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கடல் வாடையும் இல்லை! பனியும் வெயிலும் மாறி மாறிப் பிழிந்ததில் அழுக்கும் மணமும் தண்ணீரோடு போய்விட்டிருந்தன. ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. வருஷத்தில் முன்பின் இருக்கலாம். செய்முறையில் பொய் இல்லை. அதே உறையவைத்து உலர்த்தும் முறையில்தான் ஜப்பானின் நகானோ மாநிலத்தில் சினோ பகுதி விவசாயிகள், வயலில் வேலை இல்லாத மார்கழி தை மாதங்களில், இன்றும் வைக்கோல் பரப்பின்மேல் அந்தச் சருகைக் காயவைக்கிறார்கள். சீனாவிலிருந்து 1654இல் வந்து, ஊஜியில் மன்புக்கு-ஜி என்ற மடத்தை நிறுவிய இன்கென் என்ற ஜென் துறவி, மாமிசம் தொடாத துறவிகளுக்கு ஏற்ற உணவு என்று அதை வாழ்த்திப் பெயர் சூட்டியதாகவும் சொல்வார்கள். மடத்துச் சாப்பாட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஆய்வகத்தில் இடம் கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, ஒரு பெண்ணின் அடுப்படி வாய்க்க வேண்டியிருந்தது.

கடல்பாசியைக் காய்ச்சிக் கூழாக்கும் வித்தை ஜப்பானுக்கு மட்டும் சொந்தமல்ல. ஜாவாவிலும் மலாய்க் கரைகளிலும் அது வீட்டுப் பண்டம். தென்கிழக்காசியாவில் ஆட்சி நடத்திய டச்சுக்காரர்களின் சமையலறைகளுக்குள்ளும் அது புகுந்தது. யாழ்ப்பாணக் கடலில் எடுத்த பாசிகூட 19ஆம் நூற்றாண்டில் ‘சிலோன் மாஸ்’ என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, நோயாளிகளின் பத்தியக் கஞ்சியாக மருந்துக்கடைகளில் விற்றது. அந்தக் கடலின் மறுகரை இந்தக் கதைக்குள் நுழைய இன்னும் நூறு ஆண்டு இருந்தது. அதற்கு முன்னால், ஜாவாவில் வாழ்ந்த ஒரு டச்சுக்காரப் பெண்மணி நியூயார்க்கில் போய்க் குடியேறினார். அவருடைய அண்டை வீட்டில் ஐல்ஷீமியஸ் என்ற வசதியான வணிகக் குடும்பம் இருந்தது. அங்கே 1850இல் பிறந்த ஃபேனி என்ற பெண் இருந்தாள். பத்துப் பிள்ளைகளில் மூத்தவள்.

பெரிய குடும்பத்து மூத்த பெண் அடுப்படியில் நிற்காமல் இருக்க முடியுமா? வெயில் காலத்தில் பழக்கூழும் புட்டிங்கும் ஏன் ஒழுகிப்போகின்றன, ஒழுகாமல் இருக்க எதைச் சேர்க்க வேண்டும் என்பதை ஃபேனி அந்த டச்சுப் பெண்மணியிடம் கற்றுக்கொண்டாள். ஜாவாவின் வெயிலில் தேர்ந்த கைப்பக்குவம் அது. 1874இல் வால்தர் ஹெஸ்ஸே என்ற ஜெர்மானிய மருத்துவரை மணந்து சாக்சனிக்குப் போனபோது, அந்தக் கைப்பக்குவமும் கூடவே போனது. அதன் விலை அப்போது யாருக்கும் தெரியாது.

வால்தர் சாதாரண மருத்துவர் அல்ல. சாக்சனியின் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோய், சுரங்க வேலையாலேயே வருகிறது என்று 1879இல் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து எழுதியவர். காற்றில் எத்தனை கிருமி மிதக்கிறது என்று அளந்துவிட வேண்டும் என்பது அவருடைய அடுத்த ஆசை. அதற்காக 1881இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கேயோ ஒரு பெரிய தலைவலி காத்திருந்தது.

கிருமியைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க, அது நகராமல் நிற்கும் திடமான தரை வேண்டும். கோக் முதலில் வெந்த உருளைக்கிழங்கை வெட்டி வைத்துப் பார்த்தார். பிறகு இறைச்சி ரசத்தில் ஜெலட்டினைக் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றினார். பார்க்க அழகாக உறைந்தது. ஆனால் ஜெலட்டின் என்பது மாட்டின், பன்றியின் தோலும் எலும்பும் தந்த புரதம். உடல் சூட்டுக்கே உருகிவிடும். மனித நோய்க் கிருமிகளோ 37 டிகிரியில்தான் நன்றாக வளரும். அந்தச் சூட்டில் வைத்தால் தரை தண்ணீராகிவிடும். வைக்காவிட்டால் கிருமி வளராது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று கரைத்தன. கோடைக் காலத்தில் வால்தரின் கண்ணாடிக் குழாய்களுக்குள் பூசியிருந்த ஜெலட்டின் முழுக்க வழிந்து அடியில் தேங்கியது. மாதக்கணக்கான உழைப்பு. மனிதர் நொந்துபோனார்.

ஃபேனி அந்த ஆய்வுகளுக்கு வெளியாள் இல்லை. சம்பளம் வாங்காத உதவியாளர் அவர். நுண்ணோக்கியில் தெரியும் கிருமிக் கூட்டங்களை வண்ணத்தில் அச்சாக வரைந்து கொடுத்ததும் அவர் கைதான். கணவர் ஒருநாள் எரிச்சலோடு கேட்டார்: வெளியே இவ்வளவு வெயில் அடிக்கிறது, உன் புட்டிங் மட்டும் எப்படி அப்படியே நிற்கிறது? ஃபேனி சிறுவயதில் கற்ற விஷயத்தைச் சொன்னார். அகர்-அகர். கடல்பாசியைக் காய்ச்சி உலர்த்திய அதே சருகு.

அடுப்படியிலிருந்து அது ஆய்வகத்துக்குப் போனது. உறைய 35, 40 டிகிரிக்கு இறங்கினால் போதும். உறைந்துவிட்டால் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். இந்த இடைவெளிதான் அதன் மொத்த மாயம். அது புரதம் அல்ல, ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி என்பதால் பெரும்பாலான கிருமிகளுக்கு அதைத் தின்னவும் தெரியவில்லை. 1882 மார்ச் 24ஆம் தேதி காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகக் கோக் அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தார். அது பற்றிய கட்டுரையில் அகர்-அகர் ஒரே ஒரு வரியில் வந்துபோனது. ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் அந்த வரியில் இல்லை. 1887இல் கிருமி வளர்க்க வசதியாக மூடியுள்ள வட்டத் தட்டை உருவாக்கிய பெட்ரியின் பெயர், தட்டின் பெயராகவே நிலைத்துவிட்டது. உள்ளே ஊற்றும் பொருளைச் சொல்லிக்கொடுத்தவர் 1934இல் இறந்தார். குடும்பத்துக்குள் புழங்கிய இந்தக் கதையை அவருடைய பேரன் 1992இல் விரிவாக எழுதினார். பெரிய மனிதர்களின் நன்றிப் பட்டியலில் அடுப்படிக்கு இடம் கிடைப்பது எப்போதுமே தாமதம்தான்.

ஐரோப்பிய ஆய்வகங்கள் ஜெலட்டினைக் கைவிட்ட அதே காலத்தில், அமெரிக்கா அதைத் தலையில் தூக்கிவைக்கத் தயாரானது. 1897இல் நியூயார்க் மாநிலத்தின் லெராய் என்ற சிற்றூரில் பெர்ல் வெய்ட் என்ற தச்சர், ஜெலட்டின் தூளில் பழ வாசனையும் சர்க்கரையும் கலந்தார். அவருடைய மனைவி மே அதற்கு ஜெல்-ஓ என்று பெயர் வைத்தார். யாரும் வாங்கவில்லை. கைக்காசு கரைந்து, 1899இல் உரிமையை 450 டாலருக்கு உள்ளூர் வியாபாரி ஓரட்டர் உட்வர்டிடம் விற்றுவிட்டார் தச்சர். உட்வர்டுக்கும் சரக்கு தேங்கியது. வெறுத்துப்போய்த் தன் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் 35 டாலருக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அவரோ வேண்டாம் என்று நழுவிவிட்டார். சில ஆண்டுகளில் பத்திரிகை விளம்பரம் வேலை செய்தது. விற்பனை லட்சக்கணக்கான டாலரைத் தொட்டது. அந்த மேற்பார்வையாளர் அதற்குப் பிறகு எத்தனை இரவு தூங்கியிருப்பார்?

அமெரிக்க வீடுகளில் ஆடும் பண்டம் ஒன்று வந்துவிட்டது. ஆடவைக்க ஒரு பண்டிகை வேண்டும். அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் அனுப்பிய குடியேறிகள் அதை ஏற்கெனவே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அறுவடை முடிந்து இருட்டுக் காலம் தொடங்கும் அக்டோபர் 31ஆம் தேதி இரவில், செத்தவர்கள் உலவுவார்கள் என்பது பழைய கெல்டிக் நம்பிக்கை. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் பறங்கிக்காயைக் குடைந்தார்கள். ஹாலோவீன் என்ற பெயரில் அந்த இரவு விடலைகளின் அட்டகாச இரவாக மாறியது. வேலிக் கதவைக் கழற்றி ஒளித்துவைப்பது, வண்டியைக் கூரைமேல் ஏற்றுவது என்று எல்லை மீறியபோது, பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்துவைக்க விருந்து ஒன்றே வழி என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இதில் ஒரு காகித வியாபாரியும் மூக்கை நுழைத்தார்.

மாசசூசெட்ஸின் டென்னிசன் நிறுவனம் வண்ணச் சுருக்கக் காகிதம் விற்றுக்கொண்டிருந்தது. சரக்கு போக வேண்டுமே! 1909இல் ஹாலோவீன் விருந்தை எப்படி நடத்துவது என்று விளக்கும் ‘போகி புக்’ என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. தோரணம், முகமூடி, விளையாட்டு எல்லாம் அதில் இருந்தன. இப்படிப் பரவிய வீட்டு விருந்துகளில் இருட்டறை விளையாட்டு ஒன்று ஊன்றியது. பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, செத்தவனின் உறுப்புகள் என்று சொல்லிக் கிண்ணம் கிண்ணமாகக் கையில் கொடுப்பார்கள். ஆறிப்போன நூடுல்ஸ் குடல். தோல் உரித்த திராட்சை, கண். குழந்தைகள் வீறிடுவார்கள், பிறகு சிரிப்பார்கள். பின்னாளில் திராட்சையின் இடத்தை ஜெல்லி பிடித்தது. விளையாட்டுப் பொருள் தின்பண்டம் ஆனது. ஆனால் அது ஜெலட்டின் ஜெல்லி. குளிர் நாட்டுக் கண். வெயில் நாட்டுக்கு வந்தால் அழுதுவிடும். வேறு சரக்கு வேண்டும். அதைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு யுத்தம் தேவைப்பட்டது.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தின்மேல் ஜப்பான் குண்டு வீசியபோது, நேசநாட்டு மருத்துவமனைகளில் சத்தமில்லாமல் இன்னொரு குண்டு விழுந்தது. உலகத்தின் அகர் ஏறக்குறைய முழுக்க ஜப்பானின் கையில் இருந்தது. நோய்க் கிருமியைக் கண்டறிய அகர் வேண்டும். தடுப்பூசி வேலைக்கு அகர் வேண்டும். 1928இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டதுகூட அகர் தட்டில் பூத்த பூஞ்சையில்தான். எதிரியின் சரக்கு இல்லாமல் ஆய்வகம் நடக்காது! அமெரிக்கா கையிருப்பை முடக்கி, கிருமி ஆய்வுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. பிரிட்டனில் தன்னார்வலர்கள் பாறைக் கரைகளில் பாசி பொறுக்கினார்கள். நியூசிலாந்தில் லூசி மூர் என்ற தாவரவியலாளர் கரை கரையாக அலைந்து டெரோகிளாடியா என்ற பாசியை அடையாளம் காட்டினார். இந்தியாவிலும் யுத்தத்தின் நடுவிலேயே உள்நாட்டுப் பாசியில் அகர் எடுக்கும் சோதனைகள் நடந்து, 1943இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அகர் தரும் பாசி எங்கே ஏராளமாக இருக்கிறது என்ற கேள்விக்கு விரல்கள் ஒரு திசையைக் காட்டின. ராமநாதபுரம்.

மன்னார் வளைகுடாக் கரைக்காரர்களுக்கு அது புதுச் செய்தியே அல்ல. கஞ்சியில் போட்டுக் காய்ச்சியதால் கஞ்சிப்பாசி என்று ஒன்று அங்கே இருந்தது. பாறையில் அடர்ந்து கிடப்பது மரிக்கொழுந்துப் பாசி. பக்கோடாப் பாசி என்றுகூட ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுத் தட்டை நீட்டினால் ஏமாற்றம்தான், அது அகர் தராத முரட்டு இனம். விஞ்ஞானிகள் முதலிரண்டுக்கும் கிராசிலேரியா எடுலிஸ், ஜெலிடியெல்லா அசெரோசா என்று பெயர் எழுதினார்கள். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தது. பிரான்செஸ்கா திவி என்ற பாசியியலாளர் இந்தியப் பாசிகளின் அகர் எப்படிப்பட்டது என்று ஆராய்ந்து எழுதினார். 1960களில் பாசி எடுப்பது கூலித் தொழிலாகவே மாறியது. மதுரைப் பக்கம் அகர் ஆலைகள் கொதிக்கத் தொடங்கின. ஆலைக்குப் பாசி எங்கிருந்தோ வர வேண்டுமே. இறங்கியவர்கள் பெண்கள்.

பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிக் கரைகளில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்கள் கடலுக்குப் போனார்கள். புடவைக்கு மேல் ஓர் ஆண் சட்டை. விரல்களில் துணிச்சுற்று, அதற்குமேல் ரப்பர். கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி மூழ்கி, பவளப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் பாசியைப் பிய்த்துப் பையில் திணித்து, மேலே வந்து ஒரு மூச்சு, மறுபடி உள்ளே. பாறை விரலைக் கிழிக்கும், சொறிமீன் காலைச் சுடும், உப்புத் தண்ணீர் புண்ணை ஆறவிடாது. கரைக்கு வந்தால் பாசியை மணலில் உலர்த்த வேண்டும். வியாபாரி சொல்வதுதான் விலை. 1986இல் அங்கிருந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆயின. பாட்டி காலத்திலிருந்து இறங்கிய கடலில் இறங்குவது திடீரென்று குற்றமானது. பையும் படகும் பறிமுதல் ஆன கதைகள் அந்தக் கிராமங்களில் ஏராளம்.

பெண்கள் ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, வேரோடு சுரண்டாமல் கையால் பறிப்பது. 2015இல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு, தீவுகளின் பாதுகாப்புக்காக உழைக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு தன் பரிசை வழங்கியது. பரிசு 10,000 டாலர். பூங்காவின் காவலர்கள் யார் என்ற கேள்விக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. ராமநாதபுரத்துக் கரையில் சிக்கல் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை.

ஆலையிலிருந்து வெளியே வந்த சருகு, கடைகளில் சைனா கிராஸ் என்றும் கடல்பாசி என்றும் பாக்கெட்டில் தொங்கியது. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் வீடுகளில் அதற்கு நிரந்தர இடம். நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சியோடும் வடையோடும், ரோஸ் நிறத்திலோ பால் வெள்ளையிலோ சதுரம் சதுரமாகக் குளுகுளுவென்று தட்டில் வந்தது. இளநீர் புட்டிங்காகக் கல்யாணப் பந்திக்குப் போனது. இனிமேல் அதற்கு என்ன வேலை மிச்சம் இருக்கப்போகிறது என்று தோன்றிய நேரத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தின் வயல்களில் கார்கள் முளைத்தன.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் வரும் சேரப்பணஞ்சேரியில், ஏரியையும் நெல்வயலையும் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் பழகிப்போயின. கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் வந்தார்கள். எல்லா மாவட்டத்துத் தமிழர்களும், எல்லா மாநிலத்து இளைஞர்களும் வந்தார்கள். பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியில் கிருஷ்ண ஜெயந்திக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவே ஹாலோவீன் என்று ஒரு தேதி ஏறியது. கொலு சுண்டல் ஆறும் முன்னே, தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு சலிக்கும் நேரத்தில், பேய் விருந்துக்கு ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது.

சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டில் அப்படித் தகவல் வந்தபோது, அம்மா செல்போனைப் பார்த்து ஜெல்லிக் கண் செய்ய முடிவெடுத்தார். சூப்பர் மார்க்கெட்டில் ஜெலட்டின் பாக்கெட் கிடைத்தது. முந்தின ராத்திரியே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்திலேயே மழையோடு மின்சாரம் போனது. காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தால், ஃப்ரிட்ஜ் தட்டில் வெள்ளைக் குழம்பு. நடுவே அநாதையாக மிதக்கும் கறுப்புத் திராட்சைகள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொரு அதிர்ச்சி: மூலையில் பழுப்பு முக்கோணம், அசைவக் குறி. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சைவம். இருந்த கண்ணும் போச்சு, செய்வதற்கு நேரமும் போச்சு.

அந்த நேரத்தில் உதவிக்கு வந்தது அண்டை வீடு, ஃபேனிக்கு வந்தது போலவே. கீழக்கரைக்கார அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்: “இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியேம்மா! நோம்புக்கு வாங்குன கடப்பாசி நாலஞ்சு பாக்கெட் வீட்ல சும்மா கெடக்கு. பணியாரக் கல்ல எடு.”

சருகைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தார்கள். கொதிக்கவிட்டு, கரண்டியில் ஓர் இழைகூடத் தட்டுப்படாத வரை காய்ச்சினார்கள். அரைகுறையாகக் கரைந்தால் நறநறக்கும். காய்ச்சியதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் மொட்டைமாடிச் சங்குப்பூவைக் கொதிக்கவைத்த நீலத் தண்ணீர் சேர்ந்தது. எலுமிச்சை கூடாது என்று அக்கா தடுத்தார். நீலம் ஊதாவாகிவிடும், புளிப்பு ஏறினால் கடல்பாசி சரியாக இறுகாது. இன்னொரு பங்கு சர்க்கரை போட்ட சூடான பாலுக்குள் போனது. பால் ஆறியிருந்தால் தொட்ட இடத்திலேயே கட்டி கட்டியாகிவிடும்.

நெய் தடவிய பணியாரக் குழியின் அடியில் கறுப்புத் திராட்சையின் பாதியைக் கவிழ்த்து, அதைச் சுற்றி ஒரு ஸ்பூன் நீலம் விட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் மேற்பரப்பு மெல்ல இறுகியது. அதன்மேல் சூடான பாலை ஊற்றவேண்டிய கட்டம். அம்மாவுக்குக் கை நடுங்கியது: கீழே இருக்கும் நீலம் உருகிக் கலங்கிவிடாதா? ஜெலட்டின் என்றால் கலங்கியிருக்கும். வால்தர் ஹெஸ்ஸேயின் குழாயில் வழிந்தது அப்படித்தான். இது உறைய 40 டிகிரி, உருக 85. பால் அறுபது டிகிரிச் சூட்டில் மேலே விழுந்தது, நீலம் அசையவில்லை. ரொம்ப ஆறவிட்டிருந்தாலும் ஆபத்துதான், இரண்டு அடுக்கும் ஒட்டாமல் கருவிழி மட்டும் தனியே கழன்று வந்துவிடும். ஆறியபின் கல்லைக் கவிழ்த்தார்கள். வெள்ளை முழி, நீல வளையம், நடுவே கறுப்புப் பாப்பா. பீட்ரூட் சாற்றில் பல்குச்சியைத் தோய்த்து அக்கா சிவப்பு நரம்பு இழுத்தார். அறைக்குள் வந்த மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, “நல்ல நாளும் அதுவுமா இது என்ன கண்றாவி?” என்றார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டபின் பேச்சில்லை.

விருந்தில் இரத்தத்துக்குப் பதில் ரோஸ் சிரப்பை ஊற்றி வைத்தார்கள். ஏ.சி. இல்லாத அரங்கில் மூன்று மணி நேரம் கடந்தும் கண்கள் முறைத்துக்கொண்டே இருந்தன. 10 கிராம் பாக்கெட் ஒன்றில் ஏறத்தாழ ஒரு லிட்டர் உறையும். பணியாரக் குழி அளவுக்கு நாற்பது, ஐம்பது கண்கள் தேறும். அவற்றை மறுபடி உருக்க வேண்டுமானால் அடுப்பில்தான் ஏற்ற வேண்டும்.